வித்தியாசம்

பூப்பந்து மண்டபத்தில் வைத்து எண்ணினோம்.
தரையில் பழைய கோடுகள்,
மூலையில் சாய்ந்து கிடந்த வலைக்கம்பம்.
மேசைக்கு ஆறு பேர், விரலுக்கு ஒரு ரப்பர் உறை,
ஒரு இரவுக்கு நூற்றிருபது பவுண்.
இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு.
கை எவருடைய சீட்டென்று கேட்பதில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
கட்சிக்காரர்கள் எங்கள் விரல்களையே பார்த்து நின்றார்கள்,
தராசு முள்ளைப் பார்த்தபடி
மீன் வாங்குகிறவர்களைப் போல.

மூன்றாம் தரமும் எண்ணி முடித்தபோது
அதிகாலை மூன்று நாற்பது.
வித்தியாசம் பதினொன்று.
ஒரு மினிபஸ்ஸில் ஏற்றினாலும்
பின்சீட்டு காலியாக இருக்கும்.

வென்றவர்கள் அதை மக்கள் தீர்ப்பு என்றார்கள்.
மிட்சம் முழுக்க ஹோர்ன் அடித்துப் போனார்கள்.
என் மச்சாள் யோகராணி பாயசம் காய்ச்சி
தெருவில் ஒற்றை இலக்க வீடுகளில் சிலவற்றுக்கும்
இரட்டை இலக்கத்தில் ஒன்றுக்கும் மட்டும் அனுப்பினாள்.
எந்தக் கதவைத் தட்டக்கூடாதென்று
அவளுக்கு மனப்பாடம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு
நாலு பிள்ளைகளை ஏற்றிப்போன ஒரு கார்
அடுத்த கிழமை இரண்டு காராயிற்று.
பிள்ளைகள் பின்கண்ணாடி வழியே
ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டினார்கள்.
அது பழைய விளையாட்டா புதிய பழக்கமா
எனக்குத் தெரியவில்லை.

தோல்வியும் சிலரைச் சேர்த்து வைக்கும்.
கடைக்காரர் பத்மசீலனும்
(அவர் பெயர் அதுவல்ல)
நெவில் பார்ஃபிட்டும்
கார் நிறுத்துமிடச் சண்டையில்
ஒன்பது வருடம் முகம் பார்த்ததில்லை.
இப்போது ஒரே கேற்றில் முழங்கை ஊன்றி நிற்கிறார்கள்.
"பென்சிலால் போட்டதுதானே," என்கிறார் நெவில்.
"அழிச்சிருப்பாங்கள்," என்கிறார் மற்றவர்,
தமிழிலேயே.
நெவில் தலையாட்டுகிறார்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நீயும் அண்டைக்கு உள்ளுக்கதானே இருந்தனி?"
என்று என்னைக் கேட்டார் பத்மசீலன்.
அது கேள்வியில்லை.
மிச்சக் காசைக் கையில் தராமல்
மேசையில் வைத்தார்.

உள்ளேதான் இருந்தேன்.
செல்லாத சீட்டுகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி
இரண்டு பக்கத்துக்கும் காட்டினார் அதிகாரி.
ஒன்றில் ஒரு பூனைப் படம்.
ஒன்றில் எல்லாப் பெட்டியிலும் புள்ளடி.
ஒன்றில் புள்ளடியே இல்லை,
கீழே இரண்டு வரி எழுத்து.
"இதை வாசிக்கத் தெரிந்தவர் யாராவது?"
நான் எழுந்தேன்.

ஏழு மாசமா லிஃப்ட் இல்லை.
ஏழாம் மாடி. முழங்கால் போச்சு.

ஆங்கிலத்தில் சொன்னேன்.
தடுப்பின் இரண்டு பக்கமும் சிரித்தது.
அன்றிரவு அவர்கள் சேர்ந்து செய்தது
அது ஒன்றுதான்.
பிறகு முத்திரை விழுந்தது:
யாருக்கென்று தெளிவில்லை.

நேற்று வாழைப்பூ வந்திருந்தது.
சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில்
தடித்த பேனையால் எழுதி
கடை வாசலில் தொங்கவிட்டிருந்தார்.
"வாழைப்பூ"வின் ழ
வால் நீண்டு, மேலே சுருண்டு,
தூண்டில் முள்போல் முடிந்திருந்தது.
அந்த வாலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்,
அதிகாலை இரண்டு மணிக்கு,
இரண்டு தரம்,
இரண்டு ஏழிலும்.

உள்ளே அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:
"பதினொரு வோட்டு. களவெடுத்திட்டாங்கள்.
எங்கட ஆக்கள் ஒருத்தர் விடாமல் போட்டது."
குரலில் பொய்யின் நடுக்கம் இல்லை.
நம்புகிறார்.

ஒரு பூ வாங்கினேன்.
இரண்டு பவுண் தாளாகக் கிடையாதே,
நாணயத்தை அவர் மேசையில் வைக்காமல்
கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் வைத்தேன்.
ஒரு கணம் பார்த்தார்.
பிறகு கடையைப் பையனிடம் விட்டு
வலது காலை இழுத்தபடி
படிகளை நோக்கிப் போனார்.
கதவில்
"பழுது. வருந்துகிறோம்."
அந்தத் தாளின் மேல் யாரோ
வென்றவரின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்.
வேறு யாரோ
அதை நகத்தால் பாதி கிழித்திருந்தார்கள்.